முப்பது பவுண்டுக்கு ஒரு மலைக்கோட்டை

லண்டனைக் குறைந்த செலவில் சுற்றிப் பார்ப்பது எப்படி என்று யார் பட்டியல் போட்டாலும் அதில் ஒரு யோசனை தவறாமல் இருக்கும். வெஸ்ட்மின்ஸ்டர் அபே என்ற பழைய பெரிய தேவாலயத்துக்கு டிக்கெட் எடுக்காதீர்கள், மாலை வழிபாட்டு நேரத்துக்குப் போங்கள், உள்ளே விட்டுவிடுவார்கள், இலவசம். ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களும் சொல்கிறார்கள், தமிழில் காணொளி போடுகிறவர்களும் சொல்கிறார்கள். புறப்படும் முன் நானும் அதைக் குறித்து வைத்துக்கொண்டேன். அதன்படியே போனேன், உட்கார்ந்தேன், வந்தேன். யோசனையில் பொய் எதுவும் இல்லை. ஆனால் லண்டனில் பார்த்த மற்றவையெல்லாம் மனதில் அதனதன் இடத்தில் அடங்கிவிட்ட பிறகும் இந்த ஒன்று மட்டும் அடங்க மறுக்கிறது. நண்பர்கள் யாராவது லண்டன் போகிறேன், செலவைக் குறைக்க வழி சொல் என்று கேட்டால், இந்த இடம் வரும்போது எனக்குப் பேச்சு தடுமாறுகிறது.

முதலில் என் பணக் கதையைச் சொல்லிவிடுகிறேன். விசாவுக்கே நூறு பவுண்டுக்கு மேல் கட்டிவிட்டுப் போகிறவனுக்கு, விமானத்திலிருந்து இறங்கியதும் ஒரு நோய் தொற்றிக்கொள்ளும். எதைப் பார்த்தாலும் ரூபாயில் பெருக்குவது. நான்கு பவுண்டு காப்பியை நானூற்றைம்பது ரூபாய்க் காப்பியாகத்தான் நாக்கு உணர்கிறது. இரண்டாம் நாளில் தெளிந்துவிடும் என்றார்கள். எனக்குக் கடைசிவரை தெளியவில்லை. ஆனால் லண்டன், வெளியிலிருந்து பயமுறுத்துகிற அளவுக்கு உள்ளே கொடுமையான ஊர் இல்லை. பஸ்ஸில் ஏறி அட்டையைத் தட்டினால், நான் போனபோது 1.75 பவுண்டு. தட்டிய நேரத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பஸ் மாறி ஏறினாலும் மறுபடி காசு பிடிக்க மாட்டார்கள். டிரஃபால்கர் சதுக்கத்துக்குப் பக்கத்தில் 15ஆம் எண் பஸ்ஸில் ஏறி மாடியில் முன்சீட்டைப் பிடித்துவிட்டால் ஃப்ளீட் தெரு, செயின்ட் பால் பேராலயம், லண்டன் கோபுரம் என்று வரிசையாக வந்துவிடும். அதே வழியில் சுற்றுலாப் பேருந்தில் போகிறவர்கள் பலமடங்கு கொடுத்துவிட்டு மழையில் நனைந்துகொண்டிருந்தார்கள். ஊல்விச்சில் தேம்ஸைக் கடக்கும் படகு 1889 முதல் இலவசமாகவே ஓடுகிறது. பிரிட்டிஷ் மியூசியம், நேஷனல் காலரி, டேட் மாடர்ன் எதற்கும் நுழைவுக் கட்டணம் இல்லை. அறிவியல் அருங்காட்சியகமும் இயற்கை வரலாற்று அருங்காட்சியகமும் இடையில் கட்டணம் வாங்கின. 2001 டிசம்பரிலிருந்து அவையும் எல்லோருக்கும் இலவசம். பிரிட்டிஷ் மியூசியத்திலிருந்து கொஞ்சம் நடந்தால் லண்டன் பல்கலைக்கழகத்தின் கீழைத்தேயக் கல்லூரி வளாகத்தில் திருவள்ளுவர் சிலை இருக்கிறது. அவரைப் பார்க்கவும் காசில்லை. சாப்பாட்டுக்குப் பேரங்காடியில் சான்ட்விச், சிப்ஸ், குடிக்க ஒன்று என்று மூன்றையும் சேர்த்து விலை போட்டு வைத்திருப்பார்கள். தொடர்ந்து சாப்பிட்டால் சான்ட்விச் என்ற சொல்லே கசந்துவிடும் என்றாலும் வயிறு நிறையும்.

தங்கியது ஈஸ்ட் ஹாமில், நண்பரின் உறவினர் வீட்டில். யாழ்ப்பாணத்துக்காரர். அண்ணன் என்றுதான் கூப்பிட்டேன். தொண்ணூறுகளில் வந்தவர். அங்கே ஹை ஸ்ட்ரீட்டில் நடந்தால் இட்லி, கொத்துரொட்டி, முருங்கைக்காய், தாலிக்கொடி விளம்பரம் எல்லாம் தமிழில் கிடைக்கும். மாலையில் தோசை சாப்பிட்டால் பகல் முழுக்கச் சாப்பிட்ட சான்ட்விச்சை மன்னித்துவிடலாம். ஈஸ்ட் ஹாமிலிருந்து டிஸ்டிரிக்ட் லைன் ரயிலில் ஏறினால் மாறாமல் வெஸ்ட்மின்ஸ்டர் போய் இறங்கலாம். அண்ணன் அந்தத் தடத்தில் வருடக்கணக்கில் வேலைக்குப் போய் வந்தவர். அபேக்குள் போயிருக்கிறீர்களா என்று கேட்டதற்கு, “வாசலைப் பார்த்திருக்கிறேன் தம்பி. உள்ளே போவதற்கு நான் என்ன ராசாவா?” என்றார். 1066இலிருந்து இங்கிலாந்தின் முடிசூட்டு விழாக்கள் நடக்கும் இடம் என்பதால் அந்தப் பதில் ஓரளவு பொருந்தவும் செய்தது.

கல்லில் ஒரு திருச்சி

எனக்கு அபேக்குள் போக வேண்டியிருந்தது. அங்கே அடக்கமாகியிருக்கும் நியூட்டனுக்காகவோ டார்வினுக்காகவோ இல்லை. நான் திருச்சிக்காரன். தமிழகத்தில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரர்களும் மோதிய கர்நாடகப் போர்களைப் பற்றி எப்போதோ படித்தபோது, கிழக்கிந்தியக் கம்பெனியின் தளபதி ஸ்டிரிங்கர் லாரன்ஸுக்கு வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் ஒரு நினைவுச்சின்னம் இருப்பதாகவும், அதில் முற்றுகைக்குள்ளான திருச்சிராப்பள்ளியைச் செதுக்கியிருப்பதாகவும் ஒரு வரி கண்ணில் பட்டது. அன்றிலிருந்து ஓர் ஆசை. (ஊட்டி லவ்டேல் பள்ளியின் லாரன்ஸ் இவர் இல்லை. அவர் ஹென்றி லாரன்ஸ், நூறு வருடம் பிந்தியவர்.) திருச்சியில் கிளைவை எல்லோருக்கும் தெரியும். தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் அவர் பெயரில் ஒரு வீடே இருக்கிறது. கிளைவுக்கு மேலதிகாரியாக இருந்த லாரன்ஸை யாருக்கும் தெரியாது. ஆற்காட்டு நவாப் பதவிக்குக் கம்பெனியின் துணையோடு முகமது அலியும் பிரெஞ்சுக்காரர்கள் துணையோடு சந்தா சாகிபும் மோதியபோது, முகமது அலி அடைந்துகிடந்த ஊர் திருச்சி. 1752இல் லாரன்ஸ் வந்து முற்றுகையை விலக்கினார். பிரெஞ்சுப் படை ஸ்ரீரங்கம் தீவுக்குள் போய்ச் சிக்கிச் சரணடைந்தது. சந்தா சாகிபின் தலை போனது. அடுத்த இரண்டு வருடங்களும் திருச்சியைச் சுற்றித்தான் சண்டை. அரிசி வண்டிகளை ஊருக்குள் கொண்டுவந்து சேர்ப்பதுதான் அந்தப் போரின் பாதி வேலை. அந்த வேலையில் பெயர் வாங்கியவர் யூசுப் கான், நாம் மருதநாயகம் என்று சொல்கிறவர். லாரன்ஸே அவரை மெச்சியிருக்கிறார். பிற்பாடு கம்பெனியையும் நவாபையும் எதிர்த்து நின்றபோது 1764இல் மதுரையில் அவரைத் தூக்கில் போட்டார்கள்.

இந்தக் கதையெல்லாம் நடந்த மலையில் நான் சிறுவயதிலிருந்து ஏறி இறங்கியிருக்கிறேன். நானூற்றுச் சொச்சம் படி, நடுவில் தாயுமானவர், மேலே உச்சிப்பிள்ளையார், இடையில் பல்லவர் குடைந்த குகை. அந்த மலையடி ஊரை அயல் ஊரின் பளிங்கில் பார்க்க வேண்டும் என்பது பகுத்தறிவுக்கு எட்டாத ஆசைதான். ஆனால் அபேயின் நுழைவுக் கட்டணம் முப்பது பவுண்டு அளவில் இருந்தது. பெருக்கினேன். மூவாயிரத்துக்கு மேல் வந்தது. அப்போதுதான் பட்டியலில் குறித்து வைத்திருந்த அந்த யோசனை ஞாபகம் வந்தது.

“வழிபாட்டுக்கா வந்திருக்கிறீர்கள்?”

பெரும்பாலான வாரநாட்களில் மாலை ஐந்து மணிக்கு ஈவன்சாங். பாடகர் குழு பாடும் மாலை வழிபாடு. அரை மணிக்கு முன்பே மேற்கு வாசலில் வரிசை நின்றது. எனக்கு முன்னால் நின்றவர்களில் பாதிப் பேர் கையில் ஊர் வரைபடம். வாசலில் அங்கி அணிந்த ஊழியர் ஒருவர் ஒவ்வொருவரையும் சிரித்த முகத்தோடு ஒரே கேள்வி கேட்டார்: வழிபாட்டுக்கா வந்திருக்கிறீர்கள்? சந்தேகமாகக் கேட்கவில்லை. சுற்றிப் பார்க்க நினைத்து வந்தவர்கள் ஏமாந்துவிடக் கூடாது என்பதற்காகக் கேட்டார் என்றே நினைக்கிறேன். என் முறை வந்தது. ஆமாம் என்றேன். அவ்வளவுதான். என்ன மதம், எந்த ஊர், ஞானஸ்நானம் ஆயிற்றா, ஒன்றும் இல்லை. உள்ளே விட்டுவிட்டார்.

இந்த “ஆமாம்” தான் எனக்கு இன்னும் அடங்காமல் இருப்பது. அது பொய் என்று சொல்ல எனக்கு மனமில்லை. சாமி கும்பிடுகிற வீட்டில் வளர்ந்தவன். எந்தக் கோயிலுக்குள் போனாலும் கை தானாகக் குவியும். வேளாங்கண்ணியில் மெழுகுவர்த்தி ஏற்றியிருக்கிறேன், நாகூரில் பாத்தியா ஓதக் காத்திருக்கிறேன். ஆனால் அன்றைக்கு அந்த வாசலுக்கு என்னை இழுத்து வந்தது அந்தப் பழக்கமில்லை, முப்பது பவுண்டு. அது எனக்குத் தெரியும். கேட்டவருக்கும் ஒருவேளை தெரிந்திருக்கலாம்.

உள்ளே நின்று பார்க்க வழியில்லை. வரிசையாக அழைத்துப் போய் இருக்கைகளில் அமர்த்தினார்கள். கையில் வழிபாட்டு நிரலை அச்சிட்ட தாளைக் கொடுத்தார்கள். படம் எடுக்கக் கூடாது. ஆர்கன் முழங்க, சிறுவர்களும் ஆண்களும் வரிசையாக வந்து நின்று பாடத் தொடங்கினார்கள். பைபிளின் சங்கீதப் புத்தகத்திலிருந்து பாட்டு, பழைய ஏற்பாட்டிலிருந்து ஒரு வாசகம், மரியாளின் பாட்டு, புதிய ஏற்பாட்டிலிருந்து ஒரு வாசகம், சிமியோனின் பாட்டு. 1662ஆம் ஆண்டு ஜெப புத்தகத்தின் ஒழுங்கு இது. அந்தப் புத்தகத்தின் கணக்குப்படி நூற்றைம்பது சங்கீதங்களையும் முப்பது நாளில் ஒரு சுற்று முடித்துவிடுவார்களாம். தேவாரத்தைப் பண்முறையாகப் பகுத்து ஓதும் ஓதுவாருக்கு இந்த ஏற்பாடு சட்டென்று பிடிபடும். அந்தச் சிறுவர்களின் குரல் மேலே எழும்பிக் கூரையைத் தொட்டுத் திரும்பி வந்ததைப் பற்றி நான் என்ன எழுதினாலும் குறைவாகத்தான் இருக்கும், எழுதவில்லை.

எனக்குப் பக்கத்தில் ஒரு வயதான அம்மாள். தாளைப் பார்க்கவே இல்லை. எல்லாம் மனப்பாடம். எழ வேண்டிய இடத்தில் எழுந்தார், கிழக்கே திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பினார். நான் அவரைப் பார்த்து அரை வினாடி தாமதமாக அதையே செய்துகொண்டிருந்தேன். ஜெபத்தின்போது அவர் கண்ணை மூடினார். நான் கழுத்தை வளைத்து, தூணுக்கு அந்தப் பக்கம் லாரன்ஸ் தெரிகிறாரா என்று பார்த்தேன். அந்த நொடியில் ஸ்ரீரங்கம் ஞாபகத்துக்கு வந்தது. ஒருமுறை தாயார் சன்னதிக்கு வெளியே பாட்டி கண்மூடி நின்றுகொண்டிருந்தபோது, ஒரு வெளிநாட்டுக்காரர் எங்கள் இருவருக்கும் நடுவில் தலையை நீட்டி, மேலே விதானத்து ஓவியத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர் செய்ததில் தவறு ஒன்றுமில்லை. அழகான ஓவியம்தான். ஆனால் அன்று எனக்கு வந்த எரிச்சல் இன்னும் நன்றாக நினைவிருக்கிறது. இப்போது அந்த எரிச்சலுக்கு நான் எதிர்ப்பக்கத்தில் நிற்கிறேன்.

பிறகு நான் லாரன்ஸைத் தேடவில்லை. தாளைப் பார்த்துப் படித்தேன். கடைசிப் பாட்டு முடிந்ததும் எல்லோரையும் வந்த வழியே வெளியே அனுப்பினார்கள். திருச்சி எங்கேயோ ஓரத்தில் இருந்தது. நான் வாசலில் நீட்டிய காணிக்கைத் தட்டில் ஐந்து பவுண்டு போட்டுவிட்டு வந்தேன். அன்றைய சான்ட்விச்சின் காசு அது.

தரிசனத்துக்கு ஒரு விலை, கல்லுக்கு ஒரு விலை

ஈஸ்ட் ஹாம் திரும்பும் ரயிலில்தான் இது எனக்குப் படிந்து வந்தது. நம் ஊரில் பெரிய கோயில்கள் பலவற்றில் இரண்டு வரிசை. பொது தரிசனம் இலவசம், மணிக்கணக்கில் நிற்க வேண்டும். சிறப்பு தரிசனத்துக்குச் சீட்டு, சீக்கிரம் போகலாம், சுவாமிக்குக் கிட்டேயும் போகலாம். பிரகாரத்தைச் சுற்றிப் பார்க்கவும், தூணைத் தடவிப் பார்க்கவும், யாளி வாய்க்குள் விரல் விட்டுக் கல்லுருண்டையை உருட்டவும் பெரும்பாலும் யாரும் காசு கேட்பதில்லை. வெஸ்ட்மின்ஸ்டரில் நேர் தலைகீழ். கடவுளிடம் போவதற்குக் கட்டணம் கிடையாது, கிட்டத்திலேயே உட்காரவும் வைக்கிறார்கள். கல்லையும் கல்லறையையும் சுற்றிப் பார்ப்பதற்குத்தான் டிக்கெட். எது சரி என்று என்னிடம் கேட்டால், இந்த ஒரு விஷயத்தில் அவர்கள் செய்வதுதான் சரி என்று தயங்காமல் சொல்வேன். அவர்கள் கேட்ட அந்த ஒரு கேள்விக்கும் நம் கொடிமரத்துப் பக்கத்தில் வைத்திருக்கும் “இந்துக்கள் அல்லாதோர் உள்ளே வர அனுமதியில்லை” பலகைக்கும் இடையிலுள்ள தூரத்தையும் அன்றைக்கு யோசிக்காமல் இருக்க முடியவில்லை. அந்த அம்மாள் திருச்சிக்கு வந்தால் அவரை எதுவரை கூட்டிப்போக முடியும்?

அந்தக் கட்டணத்தை வெறும் வசூல் என்றும் தள்ளிவிட முடியவில்லை. பிரிட்டிஷ் மியூசியம் இலவசமாக இருப்பதற்குப் பிரிட்டன்காரர்களின் வரிப்பணம் பின்னால் நிற்கிறது. நம்மிடமிருந்து கொண்டுபோனதை நமக்கு இலவசமாகக் காட்டுகிறார்கள் என்ற நகைச்சுவையை அங்கே சந்தித்த எல்லா இந்தியர்களும் சொன்னார்கள். நல்ல நகைச்சுவைதான். ஆனால் கோஹினூரைப் பார்க்க லண்டன் கோபுரத்துக்குள் டிக்கெட் எடுத்துத்தான் போக வேண்டும் என்பதால் அது பாதி தூரம்தான் ஓடும். அபேயின் கதை வேறு. அதற்கு அரசிடமிருந்தோ மன்னர் குடும்பத்திடமிருந்தோ திருச்சபையிடமிருந்தோ வழக்கமான நிதி எதுவும் வருவதில்லை. சுற்றிப் பார்க்க வருகிறவர்களின் டிக்கெட் காசுதான் முக்கிய வருமானம். அன்று மாலை அந்தச் சிறுவர்கள் பாடியதற்கும், அந்த அம்மாள் காசில்லாமல் வந்து உட்கார்ந்ததற்கும், பகலில் முப்பது முப்பது பவுண்டாகக் கொடுத்துப் போனவர்கள்தான் கொடுத்திருக்கிறார்கள். நான் அந்த அம்மாளின் வரிசையில் உட்கார்ந்திருந்தேன், பகல்காரர்களின் நோக்கத்தோடு. செலவைக் குறைப்பதில் எனக்கு வெட்கமே கிடையாது. பஸ்ஸின் ஒரு மணி நேரக் கணக்கைக் கடைசி நிமிடம்வரை கறப்பேன், தண்ணீர்ப் புட்டியைக் குழாயில் நிரப்பிக்கொள்வேன். அவையெல்லாம் எனக்கென்றும் போட்ட ஏற்பாடுகள். இது அப்படி இல்லை என்று தோன்றியது. வழிபாட்டுக்கென்றே போகிறவர்கள், பாட்டுக்கென்றே போகிறவர்கள், தாராளமாகப் போகலாம். போகவும் வேண்டும். “டிக்கெட்டை மிச்சப்படுத்த” என்ற தலைப்பின்கீழ் அதை எழுதுவதுதான் எனக்கு ஒப்பவில்லை.

இரவு இதை அண்ணனிடம் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு வேறொரு கணக்கைச் சொன்னார். முன்பு அவர் மாமல்லபுரம் போயிருக்கிறார். நுழைவுக் கட்டணம் இந்தியர்களுக்கு 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600. தெற்காசியக் கூட்டமைப்பான சார்க் நாட்டவருக்கும் 40தான். இலங்கைக் கடவுச்சீட்டு இருந்திருந்தால் நாற்பதோடு போயிருக்கும். அவரிடம் இருப்பது பிரித்தானியக் கடவுச்சீட்டு. “தமிழிலேதான் கேட்டேன் தம்பி, தமிழிலேயே அறுநூறு என்று சொன்னார்கள்,” என்று சிரித்தார். பாரிஸில் லூவ்ர் அருங்காட்சியகமும் 2026 ஜனவரியிலிருந்து ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியிலிருந்து வருகிறவர்களிடம் 32 யூரோ வாங்குகிறது, உள்ளே இருப்பவர்களுக்குக் குறைவு. வெஸ்ட்மின்ஸ்டரில் கடவுச்சீட்டைப் பார்த்து விலை மாற்றவில்லை. இந்த ஒப்பீடு எனக்குத் திடீரென்று ஒரு தெம்பைக் கொடுத்தது. லண்டன் கோபுரத்துக்கென்று ஒதுக்கி வைத்திருந்த காசை எடுத்து மறுநாளைக்கு அபேக்கு டிக்கெட் போட்டேன். கோஹினூர் போனால் போகட்டும்.

லாரன்ஸைக் கண்டுபிடிக்கச் சிறிது நேரமானது. கூட்டம் நியூட்டனிடமும், ஹாக்கிங்கின் சாம்பல் புதைத்த இடத்திலும், கவிஞர்கள் மூலையிலும் மொய்த்துக்கொண்டிருந்தது. வடக்குப் பக்கத்துக் கிளைமண்டபத்தில் சர் அயர் கூட் என்ற தளபதிக்கு மாடி உயரத்துக்கு ஒரு சின்னம். வந்தவாசியிலும் புதுச்சேரியிலும் வென்றவர். 1760, 1761இல் பிரெஞ்சுக்காரர்களைச் சோழமண்டலக் கடற்கரையிலிருந்து துரத்தியவர் என்று கல்வெட்டு சொல்கிறது. காலடியில் தலை கவிழ்ந்த ஒரு கைதி. நிறுவியது கம்பெனி. லாரன்ஸுடையதும் கம்பெனி வைத்ததே, வில்லியம் டைலர் செதுக்கியது. மேலே தளபதியின் மார்பளவுச் சிலை, பக்கத்தில் கம்பெனியே ஒரு பெண்ணாக அமர்ந்து அவரைச் சுட்டிக்காட்டுகிறாள், எதிரில் புகழ்தேவதை கையில் ஒரு கேடயம். கேடயத்தில் அவருடைய சாதனைகள்: கோட்டைகள் காக்கப்பட்டன, குடியேற்றங்கள் விரிந்தன, பிரெஞ்சு, இந்தியப் படைகள் முறியடிக்கப்பட்டன, கர்நாடகத்தில் அமைதி ஏற்பட்டது. முறியடித்த படையிலும் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்கள்தானே என்று கேடயத்திடம் கேட்க முடியாது. யூசுப் கானின் பெயரை அங்கே தேடுவதும் வீண். அதற்குக் கீழே, முற்றுகைக்கு நடுவில், திருச்சி.

சிறியதுதான். படி ஏறி மூச்சு வாங்கிய ஒருவனுக்கு அதில் அடையாளம் கண்டுகொள்ள அதிகமில்லை. கம்பெனிக்கு அந்த மலையில் வேண்டியிருந்தது கோட்டை மட்டும். பிள்ளையார் அவர்கள் கணக்கில் வரவில்லை. நான் நின்று பார்த்த நேரம் முழுக்க வேறு ஒருவரும் அதன் முன் நிற்கவில்லை. ஒலிவழிகாட்டியைக் காதில் மாட்டியவர்கள் கடந்து போனார்கள். முப்பது பவுண்டு கொடுத்தவன் என்ற உரிமையோடு நான் வேண்டிய மட்டும் நின்றேன். குனிந்து பார்த்தேன், தள்ளி நின்று பார்த்தேன், திரும்பப் போய்ப் பார்த்தேன். முந்திய நாள் மாலை கழுத்தை வளைத்துத் திருட்டுத்தனமாகத் தேடியதற்கும் இதற்கும் உடம்பிலேயே வித்தியாசம் தெரிந்தது. அன்றைக்கு நான் ரூபாயில் பெருக்கவில்லை.

இரவு தோசை சாப்பிடும்போது அண்ணன் விசாரித்தார். எல்லாவற்றையும் சொன்னேன். “முப்பது பவுண்டு கொடுத்து உங்கள் ஊர் மலையையே பார்த்துவிட்டு வந்தீர்களா?” என்று தலையில் அடித்துக்கொண்டார். தான் திருச்சிக்கு வந்தால் அசலைக் காசில்லாமல் காட்ட வேண்டும் என்று நிபந்தனை போட்டார். காட்டுகிறேன், ஆனால் மலைக்கோட்டையிலும் நுழைவுச் சீட்டு உண்டு, கேமராவுக்குத் தனி என்று சொல்லிவைத்தேன்.